486-இல் சவுண்ட் கார்டும் நெட்வொர்க் கார்டும் சேர்ந்து ஓடவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: 486 டிஎக்ஸ்2-66 (1990-களின் பிசி பிராசசர்), 16 எம்பி ராம், ஏஎம்ஐ பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்), டாஸ் 6.22. வெசா லோக்கல் பஸ் விஜிஏ (திரை) கார்டு, மல்டி ஐஓ கார்டு (டிஸ்க், சீரியல், பிரிண்டர் இணைப்புகள் உள்ளது), சவுண்ட் பிளாஸ்டர் 16, என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு ஆகியவை உள்ளே இருக்கின்றன. கேமில் பின்னணி இசை வருகிறது. வெடிச்சத்தம் மட்டும் அரை நொடி வந்து அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நெட்வொர்க் டிரைவர் பிழையில்லாமல் ஏறுகிறது, ஆனால் பிங் (மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. சில நாள் காலையில் திரையே வராமல் எட்டு முறை பீப் அடிக்கிறது. கார்டுகள் போய்விட்டனவா, வேறு வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம். இந்தக் கார்டுகளை இனி யாரும் புதிதாகத் தயாரிக்கப் போவதில்லை. நல்ல கார்டைச் செத்தது என்று ஒதுக்கினால் போனது போனதுதான். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பாதி வழியைக் காட்டிவிட்டன. இசை வருகிறது என்றால் சவுண்ட் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிரைவர் ஏறி கார்டின் எண்ணைக் காட்டுகிறது என்றால் நெட்வொர்க் கார்டும் அப்படியே. இரண்டும் ஒரே ஐஆர்க்யூவை, அதாவது கார்டு பிராசசரை அழைக்கும் கம்பியை, பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்றே தோன்றுகிறது. எட்டு பீப் தனிக் கோளாறு. அது விஜிஏ கார்டு ஸ்லாட்டில் சரியாகத் தொடாததால் வருவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வாரக்கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே முதலில் மின்சாரமும் தொடுமுனையும், பிறகு ஐஆர்க்யூ என்று போவோம்.

மூடியைத் திறக்கும் முன் ஒன்று. உங்களுடையது போன்ற பழைய ஏடி வகைக் கேபினெட்டின் முன்பக்க பவர் சுவிட்ச், இந்தக் காலத்து ஏடிஎக்ஸ் பட்டன் போன்றது அல்ல. பவர் சப்ளையிலிருந்து அதற்கு வரும் தடித்த நான்கு ஒயர்களில் வீட்டுக் கரண்ட், அதாவது 230 வோல்ட், நேரடியாக ஓடுகிறது. சுவிட்சை அணைத்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை அந்த முனைகளில் உயிர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் பவர் சப்ளையின் பின்னால் உள்ள சிவப்பு நகர்த்து சுவிட்ச் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 இரண்டு பிளக்குகளையும் கழற்றினால், திரும்பச் செருகும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு புகைந்துவிடும்.

அடுத்து பேட்டரி. கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ உருளையாக ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால், அது ஒழுகியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். ஒழுகுவது அமிலம் அல்ல, காரம். செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே ஸ்லாட்டின் அடிவரை போய்ச் சேரும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் ஒற்றுங்கள். நுரைப்பது நின்றதும் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஸ்லாட்டின் உள்ளே ஸ்பிரிங்குகள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அந்த ஸ்லாட்டை நம்ப வேண்டாம். 16 பிட் ஸ்லாட் ஒன்றுக்கு 98 கால்கள். அத்தனையையும் ஈயம் உறிஞ்சி எடுத்து மாற்றுவதைவிட அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிடுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

பேட்டரி இல்லாவிட்டால் பயாஸ் அமைப்புகள் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும். நிறைய போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்று நான்கு பின் கனெக்டர் இருக்கும். அதில் இணைக்கலாம். சிஆர்2032 போடுவதானால் தொடரில் ஒரு சிறிய டயோடு கட்டாயம், ஏனெனில் அது சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி.

இப்போது வோல்டேஜ். ஹார்டு டிஸ்குக்குப் போகும் நான்கு கால் பிளக்கில் மெஷின் ஓடும்போது அளந்து பாருங்கள். சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை, மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். நான்கு கார்டும் போட்ட பிறகு சிவப்பு 4.75-க்குக் கீழே இறங்கினால் கார்டுகளைக் குறை சொல்லிப் பயனில்லை, பவர் சப்ளையைப் பாருங்கள். ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை மாற்றுக் கேபிள் வழியாக இணைத்திருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பின்னாளைய ஏடிஎக்ஸ் சப்ளைகளில் மைனஸ் 5 வோல்ட் கிடையாது. பெரும்பாலான கார்டுகளுக்கு அது தேவையில்லை. ஆனால் ஆரம்பகால சவுண்ட் கார்டுகள் சில அது இல்லாமல் ஒலி தராது.

இனி எட்டு பீப். ஏஎம்ஐ பயாஸில் எட்டு முறை பீப் என்றால் திரை நினைவகத்தை எழுதிப் படிக்க முடியவில்லை என்று பொருள். அவார்டு பயாஸில் இதே கோளாறு ஒரு நீளம் இரண்டு குட்டை என்று வரும். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை, அதுவும் காலையில்தான் என்றால் வெப்பமும் ஈரமும் மாறும்போது தொடுமுனை விட்டு விட்டுத் தொடுகிறது. லோக்கல் பஸ் கார்டுகளுக்கு இது பிறவிக் குணம் மாதிரி. சாதாரண 16 பிட் ஸ்லாட்டுக்குப் பின்னால் இன்னொரு பழுப்பு நிற ஸ்லாட்டும் சேர்ந்து வருவதால் கார்டு நீளம், செருகவும் அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தும்போது மதர்போர்டின் நடுப்பகுதி கீழே வளையும், ஏனெனில் பல கேபினெட்டுகளில் போர்டு இரண்டே திருகுகளிலும் ஓரத்துப் பிளாஸ்டிக் முளைகளிலும்தான் நிற்கிறது. வளைந்த போர்டு நாளாவட்டத்தில் ஈயப் பற்றுகளில் மயிரிழை விரிசலைக் கொண்டுவரும். செருகும்போது போர்டுக்கு அடியில், ஸ்லாட்டுக்கு நேர் கீழே, மின்சாரம் கடத்தாத ஒரு தாங்கலை வையுங்கள். கார்டின் இரு முனைகளையும் கட்டைவிரல்களால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

பலரும் தவற விடுவது பிராக்கெட் திருகு. கார்டு முழுதாக இறங்கியிருக்கும். திருகை இறுக்கும்போது கேபினெட்டின் தகடு பிராக்கெட்டைத் தன் பக்கம் இழுக்கும், மறுமுனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிடும். அந்த முனையில்தான் லோக்கல் பஸ் பற்கள் இருக்கின்றன. கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்கு இறக்கி, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தங்கப் பற்களின் மேல் விளிம்பு ஸ்லாட்டின் வாய்க்கு மேலே தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் இரு முனைகளிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பொன்னிறக் கோடு தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தி, போர்டைக் கேபினெட்டுக்குள் சற்றே நகர்த்தி, பிராக்கெட்டின் வளைவைக் குறட்டால் கொஞ்சம் சரிசெய்து மறுபடி இறுக்குங்கள்.

பற்களைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் போதும். போர்டிலிருந்து விளிம்பை நோக்கி, பற்களின் நீளவாக்கிலேயே துடையுங்கள். கறை போகவில்லை என்றால் மெதுவான வெள்ளைப் பிளாஸ்டிக் ரப்பரால் லேசாகத் தேய்த்து, பொடியை ஆல்கஹாலால் எடுத்துவிடலாம். மணல் கலந்த இங்க் ரப்பரும் உப்புக் காகிதமும் வேண்டவே வேண்டாம். மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. அது போனால் அடியில் நிக்கல், அப்புறம் செம்பு, அப்புறம் நிரந்தரக் களிம்புதான். ஸ்லாட்டுக்குள் தூசி போக முதலில் காற்று அடியுங்கள். பிறகு கெட்டியான காகிதத்தை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் வரும்படி மடித்து, ஆல்கஹாலில் நனைத்து, நான்கைந்து முறை செருகி எடுங்கள். அதைவிடத் தடிப்பானதைத் திணித்தால் ஸ்பிரிங்குகள் விரிந்துபோய் நல்ல கார்டும் தொடாது. கார்டில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அவை வருடக்கணக்கில் மெல்ல மேலேறியிருக்கும்.

லோக்கல் பஸ் பக்கத்தில் போர்டிலேயே இரண்டு ஜம்பர்கள் (பின்களை இணைக்கும் சிறு மூடிகள்) இருக்கும்: ஒன்று பஸ் வேகம் 33 மெகாஹெர்ட்ஸ் வரையா அதற்கு மேலா, இன்னொன்று வெயிட் ஸ்டேட், அதாவது ஒரு துடிப்புக் காத்திருப்பு, உண்டா இல்லையா. டிஎக்ஸ்2-66-இன் வெளிவேகம் 33 என்பதால் முதலாவதை "33 வரை" என்றே வையுங்கள். பீப் நிற்கவில்லை என்றால் ஒரு வெயிட் ஸ்டேட் கொடுத்துப் பாருங்கள். வேகத்தில் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

பயாஸுக்குள் போனதும் ஏடி பஸ் கிளாக் என்ற வரியையும் பாருங்கள். ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள், அதாவது மேலே சொன்ன சாதாரண 16 பிட் ஸ்லாட்டுகள், ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. 33-ஐ 4-ஆல் வகுத்தால் 8.25, சரி. 3-ஆல் வகுக்கும்படி இருந்தால் 11 ஆகிவிடும். விஜிஏ அதைத் தாங்கலாம், சவுண்டும் நெட்வொர்க்கும் தடுமாறும். பேட்டரி செத்து அமைப்புகள் அழிந்த மெஷின்களில் இந்த எண் மாறிக் கிடப்பது சகஜம். கார்டு கெட்டுவிட்டது போலவே அறிகுறி காட்டும் என்பதால் ஜம்பரைத் தொடும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். ஐஎஸ்ஏ கார்டு ஒன்றுக்கு நான்கு உடைமைகள் இருக்கலாம்: ஐஓ முகவரி (பிராசசர் கார்டோடு பேசும் எண்), ஐஆர்க்யூ, டிஎம்ஏ சேனல் (பிராசசர் தலையிடாமல் மெமரிக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் வழி), ரோம் அல்லது ராம் உட்காரும் நினைவக இடம். நான்கில் ஒன்று மோதினாலும் கார்டு பாதி வேலை செய்யும். எந்தப் பாதி என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது.

உங்கள் சவுண்ட் கார்டில் பின்னணி இசையை எஃப்எம் சிப் உண்டாக்குகிறது. 388 என்ற முகவரிக்கு (முகவரிகளெல்லாம் பதினாறடிமான எண்கள்) எண்களை எழுதினால் போதும், அதற்கு ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். வெடிச்சத்தம் அப்படி அல்ல. டிஎம்ஏ மெமரியிலிருந்து ஒலித்துணுக்கை எடுத்துக் கார்டுக்கு ஊட்டுகிறது. ஒரு துணுக்கு முடிந்ததும் கார்டு ஐஆர்க்யூ வழியாக "அடுத்ததைக் கொடு" என்று கேட்கிறது. அந்தக் கோரிக்கை கேமுக்குப் போய்ச் சேராவிட்டால் பழைய துணுக்கே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். உங்களுக்கு நடப்பது அச்சு அசலாக இதுதான். டிஎம்ஏ தவறாக இருந்திருந்தால் ஒன்றுமே கேட்காது, அல்லது வெறும் இரைச்சல் வரும், அல்லது மெஷின் உறைந்து நிற்கும்.

நெட்வொர்க் கார்டிலும் அதே கதை. டிரைவர் ஏறும்போது கார்டின் 12 இலக்க எண்ணை ஐஓ முகவரி வழியாகவே படித்துக் காட்டிவிடுகிறது. ஆகவே முகவரி சரி. ஆனால் பாக்கெட் வந்து சேர்ந்த செய்தி ஐஆர்க்யூவில்தான் வரும். எண் சரியாகத் தெரிகிறது, பிங் மட்டும் போகவில்லை என்றால் ஐஆர்க்யூவைச் சந்தேகியுங்கள். மாறாக, எண் முழுக்க எஃப் எழுத்தாக வந்தால் அந்த முகவரியில் யாருமே இல்லை என்று அர்த்தம். டிரைவருக்குச் சொன்ன முகவரியும் கார்டின் முகவரியும் வேறு.

ஒரே ஐஆர்க்யூவை இரண்டு ஐஎஸ்ஏ கார்டுகள் ஏன் பகிர முடியாது? பின்னாளில் வந்த பிசிஐ ஸ்லாட்டுகளில் முடியும், இங்கே முடியாது. ஐஎஸ்ஏயில் கம்பி தாழ்விலிருந்து உயரத்துக்குப் போகும் அந்த நொடித் தாவலைத்தான் கணினி கவனிக்கிறது. ஒரு கார்டு கம்பியைத் தாழ்வில் பிடித்து வைத்திருக்க, இன்னொன்று உயர்த்தப் பார்த்தால் தாவல் நடக்கவே நடக்காது. பயன்படுத்தாமல் சும்மா செருகி வைத்த கார்டும் இப்படிப் பிடித்து வைத்திருக்கும். "அந்தக் கார்டுக்கு டிரைவரே போடவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மெஷினில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 2 இரண்டாவது கட்டுப்பாட்டுச் சிப்பை இணைக்க. 3 காம்2 சீரியல் போர்ட், 4 காம்1, 6 ஃப்ளாப்பி, 7 பிரிண்டர் போர்ட், 8 கடிகாரம், 13 கணிதச் சிப், 14 ஹார்டு டிஸ்க். பிஎஸ்2 மவுஸ் இருந்தால் 12, இரண்டாவது ஐடிஇ டிஸ்க் இணைப்பு இருந்தால் 15. மிஞ்சுவது 5, 9, 10, 11. இதில் 5-ஐ சவுண்டுக்கு விட்டுக்கொடுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு 10-ஐயும் கொடுக்கலாம்தான், ஆனால் பழைய கேம்கள் பலவற்றுக்கு 5-உம் 7-உம்தான் தெரியும். 7-ஐவிட 5 நல்லது. மதர்போர்டின் இன்டரப்ட் சிப் மின் இரைச்சலில் ஏமாறும்போதெல்லாம் அந்தப் பொய்யழைப்பை 7-இல்தான் போடும்.

நெட்வொர்க் கார்டை 10-க்கு நகர்த்துங்கள். அது 5-இல் இருந்தால் சவுண்டோடு மோதும். இந்த வகைக் கார்டுகள் அடிக்கடி வரும் 3-இல் இருந்தால் மல்டி ஐஓ கார்டின் காம்2-வோடு மோதும். ஒரு நிபந்தனை: ஐஆர்க்யூ 10, 11, 12, 14, 15 கம்பிகள் ஸ்லாட்டின் பின்பகுதியில், அந்தக் குட்டி 36 கால் நீட்டிப்பில்தான் இருக்கின்றன. 8 பிட் கார்டோ, 8 பிட் ஸ்லாட்டில் செருகிய 16 பிட் கார்டோ 10-ஐத் தொடவே முடியாது. டிஎம்ஏ 5, 6, 7-உம் அப்படித்தான்.

ஜம்பர் உள்ள கார்டு என்றால் ஜம்பரை மாற்றுங்கள். ஜம்பர் இல்லாத ரியல்டெக் 8019 வகை என்றால் ஆர்செட்8019 என்ற அமைப்பு நிரலை வெறும் டாஸில் ஓட்டி மாற்றுங்கள். மாற்றியது கார்டின் சிறு ரோமில் பதிந்துவிடும். அதே நிரலில் கேபிள் வகையும் இருக்கும். பழைய கோஆக்சியல் கேபிள் என்று அமைந்திருந்தால் ஈதர்நெட் ஒயரைச் செருகினாலும் லிங்க் விளக்கு எரியாது. பாக்கெட் டிரைவர் (டாஸின் நெட்வொர்க் டிரைவர்) வரியில் ஐஆர்க்யூவை வெறுமனே 10 என்று எழுதினால் பத்து. அதற்கு முன்னால் பூஜ்யமும் எக்ஸும் சேர்த்து எழுதினால் டிரைவர் அதைப் பதினாறு என்று எடுத்துக்கொண்டு, இல்லவே இல்லாத ஒரு ஐஆர்க்யூவைத் தேடும். முகவரிக்குப் பூஜ்யமும் எக்ஸும் வேண்டும்.

சவுண்ட் பிளாஸ்டர் 16-இன் ஜம்பர் மாடல்களில் முகவரியைத்தான் ஜம்பர் தீர்மானிக்கிறது. ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் மென்பொருளால் ஒவ்வொரு பூட்டிலும் ஏற்றப்படுபவை. பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் வரி மட்டும் இருந்தால் போதாது. அந்த வரி கேமுக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். கார்டுக்கு அதைப் போய்ச் சொல்வது டயக்னோஸ் நிரல். அது எஸ் சுவிட்சோடு அதே கோப்பில், பிளாஸ்டர் வரிக்குக் கீழே இருக்க வேண்டும். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5, மிடி (இசைக்கருவி இணைப்பு) முகவரி 330 என்று வையுங்கள்.

இது பிளக் அண்ட் பிளே மாடலாக (ஜம்பருக்குப் பதில் மென்பொருளே அமைப்பது) இருந்தால் வேறு வழி. அந்தத் தரம் 1993-இல் வந்தது, உங்கள் பயாஸுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கார்டு யாராவது எழுப்பும்வரை தூங்கிக்கொண்டிருக்கும்; எந்த முகவரியிலும் பதில் சொல்லாது. செத்தே போனது போலத் தெரியும். பூட் ஆகும்போது கிரியேட்டிவின் சிடிசிஎம் நிரலையோ, இலவசமாகக் கிடைக்கும் யுனிசவுண்டையோ ஓட்டினால் எழுந்துவிடும்.

முகவரி மோதல்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் திரும்பத் திரும்ப ஆளைக் கவிழ்ப்பவை இவைதான். என்இ2000 கார்டு ஒரே ஒரு முகவரியை அல்ல, தொடர்ந்து 32 முகவரிகளை எடுத்துக்கொள்கிறது. பதினாறடிமான எண்ணிக்கையில் 32 என்பது 20. ஆகவே 320-இல் வைத்தால் 340-க்கு முன்வரை பிடித்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் 330-இல் சவுண்ட் கார்டின் மிடி மாட்டிக்கொள்ளும். 360-இல் வைத்தால் 378-இல் இருக்கும் பிரிண்டர் போர்ட் மாட்டிக்கொள்ளும். 300 அல்லது 340 பாதுகாப்பு. மிடியின் ஜம்பரை யாராவது 300-க்கு மாற்றியிருந்தால் 300-உம் ஆகாது. இரண்டாவது, கேம் போர்ட். மல்டி ஐஓ கார்டிலும் ஒன்று, சவுண்ட் கார்டிலும் ஒன்று, இரண்டும் 201-இல். ஜாய்ஸ்டிக் தாறுமாறாக ஓடினால் ஒன்றை ஜம்பரால் அணையுங்கள். மூன்றாவது, பின்னாளில் ஸ்கசி கார்டு (இன்னொரு வகை டிஸ்க் இணைப்புக் கார்டு) சேர்ப்பவர்களுக்கு: அடாப்டெக் 1542-இன் ஆரம்ப அமைப்பே முகவரி 330, டிஎம்ஏ 5. சவுண்ட் பிளாஸ்டர் 16-உடன் அது இரண்டு இடத்தில் மோதும்.

டாஸோடு வரும் எம்எஸ்டி நிரல் ஐஆர்க்யூ பட்டியலைக் காட்டும்தான். ஆனால் அது காட்டுவது எந்த மென்பொருள் எந்த எண்ணைப் பிடித்திருக்கிறது என்பதை. கார்டின் ஜம்பரை அதனால் பார்க்க முடியாது. காலி என்று அது சொன்னதை நம்பி அந்த எண்ணில் இன்னொரு கார்டை வைக்காதீர்கள். ஐஓ முகவரியை நேரில் சோதிக்க டாஸோடு வரும் டீபக் நிரல் போதும். ஆங்கில ஐ எழுத்து, ஓர் இடைவெளி, 300 என்று அடித்தால் அங்கிருந்து படித்த எண்ணைக் காட்டும். எஃப்எஃப் என்று வந்தால் பெரும்பாலும் அங்கே யாரும் இல்லை. கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை படித்து ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனைகளையெல்லாம் வெறும் டாஸில் செய்யுங்கள். "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்" என்று வரும்போது எஃப்5 அழுத்தினால் கான்ஃபிக்கும் ஆட்டோஎக்ஸெக்கும் ஓடாது. எஃப்5-இல் ஒழுங்காக இருந்து, வழக்கமான பூட்டில் மட்டும் உறைந்தால் டாஸின் நினைவக மேலாளரான ஈஎம்எம்386-ஐப் பாருங்கள். கார்டின் ரோமோ ராமோ உட்கார்ந்த இடத்தைக் காலி என்று நினைத்து அது தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும். எக்ஸ் சுவிட்சால் அந்த இடத்தை விலக்கச் சொல்லுங்கள்.

ரோம் உள்ள கார்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இது தெரியாமல் நல்ல ஸ்கசி கார்டையும் பூட் ரோமையும் கெட்டது என்று ஒதுக்கியவர்கள் நிறைய. 16 பிட் விஜிஏ கார்டு தன் ரோமை 16 பிட்டாகப் படிக்கலாம் என்று மதர்போர்டுக்குச் சைகை காட்டும்போது, அந்தச் சைகை தன்னுடைய 32 கேபிக்கு மட்டும் போவதில்லை. ஐஎஸ்ஏயின் அமைப்பால் அது சி0000-இலிருந்து 128 கேபி முழுக்கப் பொருந்திவிடுகிறது. அதே வட்டாரத்தில் 8 பிட் ரோம் ஒன்று இருந்தால் அதையும் 16 பிட்டாகப் படித்து, ஒன்றுவிட்டு ஒரு பைட் குப்பையாக வரும். டீபக்கில் டி எழுத்தும் சி800:0 முகவரியும் கொடுத்துப் பாருங்கள். உயிருள்ள ரோம் 55, ஏஏ என்று தொடங்கும். மூன்றாவது எண்ணை 512-ஆல் பெருக்கினால் ரோமின் அளவு. 55 வந்து ஏஏ வராவிட்டால், விஜிஏ கார்டில் "8 பிட் ரோம்" ஜம்பர் இருக்கிறதா என்று தேடி மாற்றுங்கள்.

செருகும் வரிசை இதுதான்: விஜிஏ மட்டும், பிறகு மல்டி ஐஓ, பிறகு சவுண்ட், கடைசியில் நெட்வொர்க். ஒவ்வொன்றுக்கும் பிறகு முழுதாக பூட் செய்து, அந்தக் கார்டைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஜம்பரையும் ஸ்லாட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது. மோதல் தீர்ந்ததும் எந்தக் கார்டு எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ என்று சிறு சீட்டில் எழுதிப் பிராக்கெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த கார்டு சேர்க்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்க்க வேண்டியிருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கார்டை மட்டும் செருகினால் பவர் சப்ளை டிக் என்று ஒருமுறை துடித்து அணைகிறது என்றால், அதில் டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். சொட்டு வடிவில், மஞ்சளாகவோ நீலமாகவோ இருப்பவை. 12 வோல்ட் கம்பியில் 16 வோல்ட் தாங்கும் டான்டலத்தைப் போட்டிருந்த கார்டுகளில் இது நிறைய நடக்கும். கார்டை வெளியே எடுத்து, ஈயம் வைத்த பக்கத்தைத் திருப்பி, பிராக்கெட் பக்கத்திலிருந்து பற்களை எண்ணுங்கள். முதல் பல் கிரவுண்ட், மூன்றாவது 5 வோல்ட், ஐந்தாவது மைனஸ் 5, ஏழாவது மைனஸ் 12, ஒன்பதாவது 12. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, முதல் பல்லுக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல கம்பியில் எண் கெப்பாசிட்டர் நிறைய நிறைய ஏறிக்கொண்டே போகும். ஓர் ஓம், இரண்டு ஓமிலேயே அசையாமல் நின்றால் அந்தக் கம்பியில் ஷார்ட். அதில் இருக்கும் டான்டலங்களை ஒவ்வொன்றாக ஒரு காலை மட்டும் தூக்கி அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், ஆனால் 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள். திசையில் கவனம் வேண்டும். உருளை எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டைக் கோடு மைனஸ் பக்கம். டான்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ பிளஸ் பக்கம். பழக்கதோஷத்தில் மாற்றி வைத்தால் மின்சாரம் கொடுத்த கணத்தில் தீப்பொறியோடு வெடிக்கும். ஈயம் வைத்ததும் ஓமை மறுபடி அளந்து, முதல் பல்லுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையே எண் ஏறுவதைப் பார்த்த பிறகே ஸ்லாட்டில் செருகுங்கள்.